ஆர்.வி. பயணத்துக்கு முன்திட்டம் கட்டாயம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக் கடலோரமாகச் சுற்றுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் மிக அருமை. ஆனால் அதில் வந்த ஒரு கருத்து இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முன்திட்டம் எதுவும் தேவையில்லை, பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கிவிட்டு, காலையில் கதவைத் திறந்தால் கடல் தெரியும் என்று எழுதியிருந்தார்கள். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போகிற பெற்றோர் இந்த மாதிரிக் கட்டுரையை வெட்டியெடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவார்கள். நானும் அப்படி வெட்டி வைக்கிறவள்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேதாரண்யத்தில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். என் கணவர் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார், முழங்கால் வலியும் உண்டு. மகன் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரத்தை அடுத்த ஹில்ஸ்பரோவில் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு ஆகஸ்டில் நாங்கள் இரண்டு பேர், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன், ஐந்து வயதுப் பேத்தி என்று ஆறு பேரும் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் என்ற மாநிலப் பூங்காவில் மூன்று இரவு தங்கினோம். ஓரிகனின் வடமேற்கு மூலையில், கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கிற முகத்துவாரத்தின் தென்கரையில் இருக்கிறது அது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 4,300 ஏக்கர். காடு, ஏரி, பழைய கோட்டை, கண்ணுக்கு எட்டிய தூரம் மணல் எல்லாம் அதற்குள்ளேயே.

நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பது அங்கே நடக்காது. கடற்கரைக்குப் பகலில் வந்து போகிறவர்களுக்கென்று உள்ள வாகன நிறுத்தங்களில் இரவு தங்கக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். தங்குவதற்கென்று எண் போட்ட இடங்கள் இருக்கின்றன. அந்த எண்ணுக்குப் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். ஓரிகன் மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடுகிறது. நாங்கள் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போக நினைத்ததால், பிப்ரவரி இரண்டாம் வாரமே மகன் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அப்போது காலை, எங்களுக்கு இரவு. தொலைபேசியில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, நான் படத்தைப் பார்த்துக் கழிப்பறை எவ்வளவு தூரம், குழந்தைகள் சாலையைக் கடக்க வேண்டியிருக்குமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் முதலில் ஆசைப்பட்ட இரண்டு இடங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டன. அத்தனை பெரிய முகாமிலேயே கோடையில் இந்த நிலைமை. ஜூலையில் அமெரிக்கா போய் இறங்கிவிட்டு, "தம்பி, அடுத்த வாரம் கடலுக்குப் போகலாமா" என்று கேட்டால் அவன் என்ன செய்வான்?

இடத்தைப் பதிவு செய்த பிறகுதான் வண்டியைத் தேட வேண்டும். பலர் வண்டியை முதலில் பிடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை அடி நீள வண்டிதான் நிற்கும் என்று பதிவுப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எங்கள் இடம் 28 அடி. அதற்குப் பொருத்தமாக 24 அடி வண்டிக்குச் சொல்லி, முன்பணமும் கட்டியிருந்தோம். புறப்படுகிற நாள் காலையில் வாடகை நிறுவனத்துக்குப் போனால், அந்த வண்டி பழுதாகிவிட்டது என்று சொல்லி, அதே வாடகைக்கு 31 அடி வண்டியைக் கொடுத்தார்கள். குழந்தைகள் குதித்தார்கள். உள்ளே பட்டனை அழுத்தினால் ஒரு பக்கச் சுவரே வெளியே நகர்ந்து அறை பெரிதாகிறது. எங்களுக்கும் ஏதோ அதிர்ஷ்டம் அடித்த மாதிரிதான் இருந்தது. 28 அடி என்ற எண் அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மாலை நான்கரை மணிக்குப் பூங்கா வாசலில் இருந்த பெண் வண்டியைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். வால் பக்கம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் வருகிற தீயணைப்பு வண்டிக்கு வழி இருக்காது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நல்லவேளையாக அன்று மதியம் யாரோ ஒருவர் ரத்து செய்திருந்த இடம் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அந்த இடத்தில் தண்ணீரும் மின்சாரமும் உண்டு, கழிவுநீர்க் குழாய் இல்லை. கழிப்பறைக் கட்டடமும் நான் பிப்ரவரியில் பார்த்து வைத்ததைப் போலப் பக்கத்தில் இல்லை, இருட்டில் நான்கைந்து நிமிட நடை. மூன்று இரவும் என் கணவரோடு டார்ச் எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் போக வேண்டியிருந்தது. வேறு வண்டி கொடுத்தால், சாவியை வாங்குவதற்கு முன்பு நீளத்தைக் கேளுங்கள். பூங்காவுக்கு அங்கிருந்தே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கழிவுநீர்த் தொட்டி பற்றி எழுதக் கூச்சப்படக் கூடாது. வயதானவர்கள் மனதில் முதலில் வருகிற கேள்வியே அதுதான், பிள்ளைகளிடம் கேட்க மாட்டார்கள். வண்டிக்குள் கழிவறை இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்ளலாம், ஒரு மக் மட்டும் எடுத்துப் போங்கள். ஆனால் அந்தத் தண்ணீரெல்லாம் வண்டிக்கு அடியில் உள்ள ஒரு தொட்டியில்தான் சேரும். குளித்த தண்ணீருக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் வேறொரு தொட்டி. இடத்திலேயே கழிவுக் குழாய் இருந்தாலும், கழிவறைத் தொட்டியின் திருகை எந்நேரமும் திறந்து வைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது அடியில் தங்கி இறுகிவிடும். ஓரளவு நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறக்க வேண்டும். அதை முதலில் காலி செய்துவிட்டு, அப்புறம் குளியல் தண்ணீரைத் திறந்தால் குழாயும் அலசிக்கொள்ளும். எங்களைப் போலக் குழாய் இல்லாத இடம் கிடைத்தால், கிளம்புகிற நாள் வண்டியை அதற்கென்று உள்ள இடத்துக்கு ஓட்டிப்போய்க் கொட்ட வேண்டும். குளிப்பதற்குப் பூங்காவிலேயே வெந்நீர் வருகிற குளியலறைகள் உண்டு. நாங்கள் எல்லோரும் அங்கேதான் குளித்தோம், தொட்டி கடைசிவரை தாங்கியது.

ஓடுகிற வண்டியில் கட்டிலில் படுத்துக்கொண்டே போகலாம் என்று என் கணவர் நினைத்திருந்தார். கூடாது. ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் வர வேண்டும். சாப்பாட்டு மேசைப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார அவர் முழங்கால் இடம் கொடுக்காது. பேத்தியின் குழந்தை இருக்கையையும் அந்தப் பெஞ்சில் சரியாகப் பொருத்த முடியவில்லை. அதனால் மருமகள் காரை ஓட்ட, நாங்களும் பேத்தியும் காரில் போனோம். இரண்டாவது வண்டிக்குப் பூங்காவில் தனிக் கட்டணம் உண்டு. கொடுக்கலாம், தப்பில்லை. கார் இல்லாவிட்டால், பால் வாங்கப் போவதற்குக்கூடத் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் கழற்றிவிட்டு வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

இன்சுலின் வைத்துக்கொள்கிறவர்கள் வண்டியை எடுத்த உடனே ஃப்ரிட்ஜைப் போட்டுவிட வேண்டும். குளிர்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கிறது. அதுவரை ஐஸ் டப்பா. குளிர்ந்த பிறகும் பின்பக்கத் தகடுகளை ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் வண்டிக்கு 30 ஆம்பியர், 120 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் 3,600 வாட். மருமகள் இண்டக்‌ஷன் அடுப்பில் சாம்பார் வைத்திருந்தாள், மகன் ஹீட்டரைப் போட்டிருந்தான், நான் பாலைச் சுடவைக்க மைக்ரோவேவை அழுத்தினேன். மொத்தமும் இருட்டாகிவிட்டது. அதன் பிறகு சமையலை வண்டியின் கேஸ் அடுப்புக்கு மாற்றிக்கொண்டோம். இட்லிக்கும் உப்புமாவுக்கும் அது தாராளமாகப் போதும். கடுகு தாளிப்பதை மட்டும் வெளியே மேசையில் சிறிய அடுப்பு வைத்துச் செய்யுங்கள். உள்ளே தாளித்தால் புகை அலாரம் அலறி அக்கம்பக்கத்து வண்டிக்காரர்களை எல்லாம் எழுப்பிவிடும். அங்கே இரவு பத்து மணிக்கு மேல் சத்தமே கூடாது, எல்லோரும் அதை மதிக்கிறார்கள்.

விறகை வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். ஹில்ஸ்பரோவுக்குப் பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் குரோவில் 2022 இல் ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்கிற ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். விறகில் ஒளிந்துதான் அது ஊர் ஊராகப் போகிறது. பூங்காவிலேயே கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

இனி கடலுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை கடலைப் படமாக மட்டும் காட்டியது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ற நினைப்பில்தான் நான் போனேன். அது வேறு கடல். ஆகஸ்டிலும் தண்ணீர் 12, 13 டிகிரிதான். கோடையில் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அதன் மேல் ஈரக்காற்று பட்டு, காலையில் பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி. ஹில்ஸ்பரோவில் வியர்த்துக்கொண்டு புறப்பட்டவர்கள் மாலையில் ஸ்வெட்டர், குல்லா எல்லாம் தேடினோம். இங்கே வேதாரண்யத்தில் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிதாகத் தெரியாது. அங்கே ஒரு நாளிலேயே ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்குகிறது. கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை வாங்கி வண்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். எந்த நேரத்தில் மணலுக்குப் போகலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

அந்தக் கரையில் பீட்டர் ஐயர்டேல் என்ற நான்கு பாய்மரக் கப்பலின் எலும்புக்கூடு நிற்கிறது. மெக்சிகோவிலிருந்து போர்ட்லேண்டுக்குக் கோதுமை ஏற்ற வந்த இரும்புக் கப்பல். 1906 அக்டோபர் 25 அன்று பலத்த காற்றில் ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைய முடியாமல் இந்த மணலில் ஏறிவிட்டது. யாரும் சாகவில்லை. துருப்பிடித்த அதன் விலா எலும்புகள் 100 வருடத்துக்கு மேலாகியும் அங்கேயே இருக்கின்றன. கடல் வற்றுகிற நேரத்தில் சுற்றி நடந்து பார்க்கலாம். நேரம் பார்க்காமல் போனால் தூர நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். நாங்கள் இரண்டாம் நாள் காலை, பனி விலகுகிற சமயத்தில் போனோம். பேரன் ஒரு விலாவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அப்பாயி, இது நிஜமாவே கப்பலா?" என்று கேட்டான். அந்த ஒரு காலைக்காகவே அவ்வளவு தூரம் போகலாம்.

ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள் என்று அங்கே ஒவ்வொரு பலகையிலும் எழுதியிருக்கிறது. பத்து நிமிடம் சாதுவாக வந்துபோன அலைகளுக்கு நடுவே திடீரென்று ஒன்று மற்றவற்றைத் தாண்டி வெகுதூரம் மேலேறி வரும். பதுங்கி வருகிற அலை என்று பொருள் வரும்படி அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கரையில் பெரிய பெரிய மரத்தடிகள் ஒதுங்கிக் கிடக்கும். உட்காரவும் படம் எடுக்கவும் தோதாகத்தான் இருக்கும். கணுக்கால் அளவுத் தண்ணீரே போதும், அந்தத் தடியைத் தூக்கிப் புரட்டிவிடும். அடியில் மாட்டியவர் தப்புவது கடினம். உங்கள் கட்டுரையின் முதல் படத்தில் ஒரு குடும்பமே அப்படி ஒரு தடியின் மேல், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பதறியது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஊரில்தான் இருந்தோம். காலை ஆறரை மணிக்கு சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்து வருகைப் பதிவேட்டைப் படித்தபோது, என் வகுப்பில் மூன்று பெயர்களுக்குப் பதில் வரவில்லை. மூன்று பேரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நிலத்தட்டுகள், எரிமலை, நிலநடுக்கம் எல்லாம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள் நான். கடல் பின்வாங்கினால் ஓடுங்கள் என்று ஒரு நாளும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் போகிற சாலையில், சுனாமி அபாயப் பகுதி தொடங்குகிறது என்று நீலப் பலகை வந்தபோது காரில் நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசவில்லை. அந்தக் கடலோரம் முழுவதற்கும் அடியில், வட கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரைக்கும் ஒரு பெரிய பிளவு போகிறது. காஸ்கேடியா என்று பெயர். கடைசியாக அது முழுதாக நழுவியது 1700 ஜனவரி 26 இரவு. அதிர்வு 9 அளவுக்கு இருந்திருக்கும் என்கிறார்கள். அங்கே புறப்பட்ட அலை பசிபிக்கைத் தாண்டி ஜப்பானுக்குப் போனது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத அந்த அலையை ஜப்பானியர்கள் தேதி போட்டு எழுதிவைத்தார்கள். கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் மூழ்கிச் செத்த மரங்களையும் அந்தக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் தேதியைக் கண்டுபிடித்தார்கள்.

நம் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நமக்கு அதிர்ந்த இடம் தூரத்தில் இருந்தது, அலை வர நேரம் எடுத்தது, நிலம் ஆடியதைப் பெரும்பாலோர் உணரவே இல்லை. அங்கே பிளவு கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நிலம் நெடுநேரம் பலமாக ஆடினால் அதுதான் எச்சரிக்கை. சங்கு ஊதட்டும், போனில் செய்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குள்ளேயே அலை வந்துவிடலாம். வண்டியை விட்டுவிட்டு, ஆட்டம் நின்றதும் மேட்டை நோக்கி நடக்க வேண்டும்.

முகாம் இருப்பது தாழ்ந்த மணல் நிலம். அதனால் முதல் நாள் மாலையே, வண்டியின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தவுடன், தேநீருக்கு முன்பாகத் தப்பிக்கும் வழிக்கான வரைபடத்தை வாங்கி வரச் சொன்னேன். "அம்மா, நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்றான் மகன். நான் விடவில்லை. அங்கே வண்டியிலேயே தங்கி முகாமைப் பார்த்துக்கொள்கிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகள். அப்படி ஒரு முதியவர் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, எங்கள் இடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். மகன் சொன்னான். 2004 என்றதும் அவருக்கே புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எங்களோடு அம்புக்குறி காட்டிய வழியில் பாதி தூரம் நடந்தும் வந்தார். என் கணவரின் வேகத்தில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பேரன் கைக்கடிகாரத்தில் எண்ணிக்கொண்டே வந்தான். அந்த எண்ணிக்கையை வைத்து, ஆபத்து வந்தால் அவர் கையை யார் பிடிப்பது, பேத்தியை யார் தூக்குவது என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டோம். அப்புறம்தான் தேநீர். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். கடல் சத்தம் கேட்கிற இடத்தில் 2004 க்குப் பிறகு அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.

திட்டமிட்டால் பயணத்தின் சுவை போய்விடும் என்று நினைப்பவர்களுக்காக மீதி நாட்களையும் சொல்கிறேன். காஃபன்பரி ஏரியைச் சுற்றி மரநிழலில் நடந்தோம், கொசு கொஞ்சம் உண்டு. எல்க் மான் கூட்டம் ஒன்று புல்வெளியில் மேய்ந்ததைக் காரிலிருந்தே பார்த்தோம். பழைய கோட்டையின் பீரங்கி மேடைகளில் பேரன் அரை நாள் கழித்தான். 1942 ஜூன் 21 இரவு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இந்தக் கோட்டையின் மேல் 17 குண்டுகள் வீசியது. பீரங்கி எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தளபதி திருப்பிச் சுடவே இல்லை. நம் சென்னையில் 1914 இல் எம்டன் குண்டு போட்ட கதையை நான் அவனுக்கு அங்கே உட்கார்ந்துதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் தெற்கே காரில் அரை மணி நேரம் போய் சீசைட் என்ற ஊரைப் பார்த்தோம். பசிபிக் கடல்வரை வழி கண்டுவர அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் குழுவினர் 1805 குளிர்காலத்தை இந்தப் பக்கத்தில்தான் கழித்தார்கள். 1806 தொடக்கத்தில் அவர்களில் சிலர் சீசைட் கரையில் முகாமிட்டு, ஊர் திரும்பும் வழிக்காகக் கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். அந்தக் கல் அடுப்பைப் போலவே ஒன்றை அங்கே கட்டிவைத்திருக்கிறார்கள். என் கணவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். வாழ்நாள் முழுக்கப் பாத்தியில் வெயில் காய்ச்சிக் கொடுத்த உப்பைப் பார்த்தவருக்கு, இரவு பகலாக விறகு எரித்து உப்பு எடுத்தது பெரிய ஆச்சரியம். ஒரு மூட்டைக்கு எவ்வளவு விறகு ஆகியிருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் மகனோடு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து இரண்டு மாதம் பேசாமல் இருந்த மனிதர் அவர்.

கட்டுரையாளர் எழுதாத நல்ல விஷயம் ஒன்றும் உண்டு. அந்தக் கரையில் யாரும் நம்மைப் பார்த்து, இது எங்கள் இடம், நகருங்கள் என்று சொல்ல முடியாது. 1913 இல் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற ஆளுநர் இருந்தபோது, ஈரமணல் முழுவதையும் பொதுச் சாலை என்று சட்டம் போட்டார்கள். 1966 இல் கேனன் பீச் என்ற ஊரில் ஒரு விடுதி தன் வாசலில் இருந்த உலர்மணலுக்கு வேலி போட்டு, தன் விருந்தாளிகளுக்கு மட்டும் என்றது. மக்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த வருடமே ஆளுநர் டாம் மெக்கால் உலர்மணலிலும் மக்களுக்கு உரிமை உண்டு என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உப்பு எடுப்பதற்காகவே 1930 இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்களின் ஊர் எங்களுடையது. கடற்கரை எல்லோருக்கும் உரியது என்று ஒரு மாநிலமே சட்டம் எழுதிக்கொண்டதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. வாடகை வண்டியில் வந்த எங்களுக்கும், கூடாரம் போட்டிருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், நாயோடு நடந்துபோன உள்ளூர்க்காரருக்கும் ஒரே மணல், ஒரே உரிமை.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையை எழுதியவர் தொடரின் அடுத்த பகுதியை எழுதுவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் பதிவு எப்போது திறக்கிறது, எத்தனை அடி வண்டி நிற்கும், கடல் எப்போது ஏறும், மேட்டுக்கு எந்த வழி என்ற நான்கையும் ஒவ்வொரு ஊருக்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மரத்தடி மேல் உட்கார்ந்திருக்கிற படத்தை மட்டும் தயவுசெய்து மறுபடி போட வேண்டாம்.

நாங்கள் வருகிற ஆகஸ்டிலும் போகிறோம். பிப்ரவரி வந்ததும் பதிவு செய்ய வேண்டும். இந்த முறை 22 அடி வண்டி போதும் என்று மருமகள் சொல்லிவிட்டாள். இடம் எங்கே கிடைத்தாலும் சரி, கழிப்பறை பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறார் என் கணவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
வேதாரண்யம்.